கமிஷனர் ஜீப்புக்கு ஓர் இடம்

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அம்மா என்று கேட்டு வந்தார்கள். விதிகளைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல. விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் குப்பை கொட்டியவள் நான். என் ஒரு கையெழுத்தால் ஒரு மீன் அங்காடி தரைமட்டமாக இருந்த கதையைச் சொல்கிறேன். கடைசியில் அது தரைமட்டமாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜெயித்த கதையைச் சொல்லும்போது அடக்கமாக நடிக்க எனக்கு வராது.

ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்ட எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், என்னைத் தேடி வந்து திட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம், பீச் ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேரே கடைத்தெரு. இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் இரண்டு டிரைவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரித்துவிட்டுத்தான் நகர முடியும், அவ்வளவு அகலம். துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். தெருவின் கடைசியில் பழைய ஓட்டுக் கூரையோடு மீன் அங்காடி.

வண்டி நிறுத்த இடமில்லை என்று வணிகர் சங்கம் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நேரே தாம்பரத்துக்குப் போய்விடுகிறார்களாம். சங்கத் தலைவர் இரும்புக்கடைக்காரர். நல்ல குரல் வளம் உள்ளவர், மைக் இல்லாமலே சங்கக் கூட்டத்தை நடத்துவார். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் கட்டுங்கள், மீன் அங்காடியை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று யோசனையும் அவரே சொல்லியிருந்தார். அது சரிப்படுமா என்று கள ஆய்வு செய்து அறிக்கை கொடுக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

ஒரு வாரம் தினமும் போய் எண்ணினேன். ஒரு வண்டி விடாமல் எண்ணினேன். தெருவின் இரண்டு பக்கமும் ஊசி நுழைய இடமில்லை. அங்காடிப் பக்கம் போனபோது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டேன். கோவளத்தில் பிறந்து மீன் வாசத்தில் வளர்ந்தவளுக்கு இந்த மினுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. 'கடுமையான இடப் பற்றாக்குறை நிலவுகிறது. மீன் அங்காடி அமைந்துள்ள இடம் வாகன நிறுத்துமிடத்துக்கு உகந்தது. அங்காடியைப் புறவழிச்சாலைக்கு மாற்றலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அறிக்கை அழகாகத்தான் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம், மீன்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் அஞ்சலை. கடப்பாக்கத்திலிருந்து லோடு வேனில் மீனோடு வந்து இறங்குகிறவர். அந்த அங்காடியில் அவருக்கு இருபது வருட வியாபாரம், வீட்டில் படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு.

"இன்னா மேடம், எங்க பொயப்புல கைய வச்சிட்டியாமே? பைபாஸ்ல போயி யாருக்கு மீனு விக்கிறது? லாரிக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். "சும்மா எழுதலைம்மா. ஒரு வாரம் வந்து எண்ணிட்டுத்தான் எழுதியிருக்கேன். தெருவுல வண்டி நிக்க இடமே இல்ல" என்று சத்தம் போட்டேன்.

"எத்தினி மணிக்கு வந்து எண்ணுன?"

"பதினோரு மணிக்கு."

அஞ்சலை பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாங்க காலீல அஞ்சு மணிக்கு வந்து எறங்குறோம். அப்போ தெரு காலியா கீது. ஏயு மணிக்கெல்லாம் ரொம்பிடுது. கட தொறக்குறது ஒம்போது மணிக்கு. அப்போ அது யாரு வண்டி மேடம்?"

ஏன் பதினோரு மணிக்குப் போனேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஜீப். காலையில் கமிஷனரை ஏற்றி வரும், பிறகு பொறியியல் பிரிவைக் கொண்டுபோய்க் குடிநீர்த் தொட்டியில் இறக்கும், அதற்குப் பிறகுதான் நகரமைப்புப் பிரிவுக்கு முறை வரும். தெருவுக்கு நல்ல நேரம் பார்த்து நான் போகவில்லை, ஜீப்புக்கு நேரம் கிடைத்தபோது போனேன். வருகைப் பதிவேடு, டீ, ஜீப் என்று எங்கள் நாள் நகரும். ஊரே அந்த ஒழுங்கில் நகர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதுவதென்று வந்துவிட்டால் முழுதாகத்தான் எழுத வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. அரசு அலுவலகத்துக்குத்தான் விடுமுறை, தனியார் கம்பெனிகளுக்கு இல்லை. விடிந்ததும் கடைத்தெருவில் போய் நின்றேன். ஆறு மணிக்கு மேல் பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறுத்துவார்கள், பூட்டுவார்கள், ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். ஏழு மணிக்குள் தெரு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. ஒரு கடையும் திறக்கவில்லை. இந்த வண்டிகள் சாயங்கால ரயிலில் ஆள் திரும்பி வரும்வரை அசையாது. இவற்றைத்தான் நான் ஒரு வாரம் தினமும் எண்ணி, கடைக்கு வந்த கூட்டம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து நேராகக் கமிஷனர் வீட்டுக்குப் போனேன். சின்ன வயதுக்காரர், கறாரானவர். "என் அறிக்கை தப்பு சார். திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன்.

அவர் காபி தம்ளரைக் கீழே வைத்தார். "மேடம், அஜெண்டா அச்சாகிப் போயாச்சு. ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு. இப்ப போய் நானே தப்பா எழுதினேன்னு சொன்னா மெமோ வரும். தேவையா?"

உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். மெமோ வந்து அது விசாரணையாகி இழுத்துக்கொண்டு போனால், ஓய்வூதியம் வாங்க நடையாய் நடக்க வேண்டும். அப்படி நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். பிறகு, தெரிந்தே அந்தக் காகிதத்தை விட்டுவைத்தால் மீதி எட்டு மாதமும் மீன் குழம்பு தொண்டையில் இறங்காது என்று தோன்றியது. "மெமோ வந்தா வாங்கிக்கறேன் சார்" என்றேன்.

கமிஷனர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "சரி. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் கடைத்தெருவுக்கு வருவேன். என் ஜீப்பை நிறுத்த அங்க ஒரு இடம் இருக்கணும். போலீஸை வச்சுத் துரத்தக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. இடம் இருந்தா தீர்மானத்தை எடுத்துடறேன். இல்லேன்னா உங்க பழைய அறிக்கைதான் பேசும்."

நான்கு நாட்கள். ரயிலுக்குப் போகிறவர்களின் வண்டிகளை எங்கே கொண்டு வைப்பது என்று அஞ்சலையிடமே போய்க் கேட்டேன். இந்தமுறை புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் அங்காடிக்குள் போனேன். பின்பக்கம் பெரிய முற்றம், மேலே தகரக் கூரை. லோடு வேன்கள் வந்து மீன் பெட்டிகளை இறக்கும் இடம். ஐந்தரைக்குள் வேன்கள் கிளம்பிவிடும். பிறகு மறுநாள் விடியும்வரை நாய் படுத்திருக்கும். முற்றத்துக்கு ரயில் நிலையப் பக்கமே ஒரு வாசலும் இருந்தது, அதில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. இடிக்கச் சொல்லி எழுதியவள் நான், இந்த முற்றத்தை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"வண்டி வுடணும், அவ்ளோதான?" என்றார் அஞ்சலை. "உள்ள வுடட்டும். நாங்க இங்கதான கீறோம், பாத்துக்கறோம்."

சோதனைக்கு நான்கு நாள் மட்டும் என்று கமிஷனரிடம் வாய்மொழி அனுமதி வாங்கிப் பூட்டைத் திறந்தோம். திங்கட்கிழமை ஆறு மணிக்கு நானும் அஞ்சலையும் தெரு முனையில் நின்று வருகிறவர்களைக் கூப்பிட்டோம். முதலில் நின்றவர் இஸ்திரி மடிப்புக் கலையாத ஓர் இளைஞர். "உள்ள வுட்டா வண்டில மீன் நாத்தம் ஒட்டிக்கும்" என்று மூக்கைச் சுளித்தார்.

"தோ பாரு தம்பி, வெளிய வுட்டா வெயில்ல சீட்டு பொசுங்கிடும். சாயங்காலம் வூட்டுக்குப் போகசொல்லோ குந்த முடியாது. நாத்தம் அடிச்சா சொல்லு, நானே சோப்பு போட்டுக் கயுவித் தரேன்."

அன்றைக்குப் பத்து வண்டி வந்திருந்தால் அதிகம். அஞ்சலை அவர்கள் ஹெல்மெட்டுகளை வாங்கி மீன் தராசுக் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கவிட்டார். தெருவில் ஹெல்மெட் திருட்டு அன்றாடம் நடக்கிற விஷயம். அந்தப் பத்துப் பேரும் ரயில் பெட்டியில் போய் என்ன பேசினார்களோ தெரியாது, செவ்வாய்க்கிழமை பாதி முற்றம் நிறைந்தது. புதன்கிழமை கூப்பிட ஆளே தேவைப்படவில்லை. ஏழு மணிக்குக் கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தார் தெரிந்தது. கடை வாசல்களை ஒட்டி நின்ற பழைய வண்டிகளை நான் பொருட்படுத்தவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாஸ்தாவுக்கு இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் பத்து மணிக்குத் தெரு மறுபடி நிறைந்து கிடந்தது.

காலியான இடத்தையெல்லாம் கடைக்காரர்களும் கடை ஊழியர்களும் தங்கள் வண்டிகளால் நிரப்பிவிட்டார்கள். அது போதாதென்று, காலையில் நான் பொருட்படுத்தாத இன்னொரு கூட்டம் இப்போது கண்ணை உறுத்தியது. ஏறக்குறைய ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கிழட்டு ஸ்கூட்டர், சிலவற்றில் சங்கிலி வேறு. மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப் வரப்போகிறது. நான் ஒரு கடை வாசலில் நின்று, கேட்கிறவர் யார் என்றே பார்க்காமல் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருவைப் பெருக்கும் அந்தப் பெண்மணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னருகே வந்தார். என் வயதுதான் இருக்கும். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய ஆசான் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன், பாடம் நடந்தது ஐந்து நிமிடம்தான்.

"கத்தாத மேடம், இங்க வந்து குனி" என்று இரும்புக்கடை வாசலுக்கு அழைத்துப் போனார். சங்கத் தலைவரின் கடை. வாசலில் தகரப் பந்தலுக்குக் கீழே, மழை படாத இடத்தில் ஒரு ஸ்கூட்டர். முகப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. "சக்கரத்துக்கு முன்னால பாரு."

பார்த்தேன். டயருக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். கறுத்துச் சுருங்கிக் கல்லாகியிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது.

"ஆயுத பூஜைக்கு வச்சது. தை மாசம் பொறந்திடுச்சு, இன்னும் நசுங்கல. எப்டி நசுங்கும்? இதுல இஞ்சினே கெடையாது. எந்தெந்த வண்டி நவுராதுன்னு எனக்குத் தெரியும் மேடம். அதுங்க அடியிலதான் என் தொடப்பம் போவாது."

பூஜை போட்ட வண்டியைச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கி எடுப்பது நம் ஊர் வழக்கம். தலைவர் வழக்கப்படி பழம் வைத்திருக்கிறார். வண்டிதான் ஓடுகிற வண்டி இல்லை. கடை வாசலை வேறு யாரும் மறிக்காமல் இருக்க, இடம் பிடித்து நிறுத்தி வைத்த இரும்புக் கூடு அது. தெரு முழுக்க எல்லாக் கடைக்காரர்களும் இதையே செய்திருந்தார்கள். வாடிக்கையாளருக்காக இடம் பிடித்து வைத்து, அந்த இடத்தில் வாடிக்கையாளரே நிறுத்த முடியாமல் செய்துவிட்டு, இடமில்லை என்று எங்களுக்கு மனுவும் கொடுத்திருக்கிறார்கள்!

பழத்தை எடுத்துக்கொண்டு நேரே சங்கக் கூட்டத்தில் போய் வீசலாம் என்று கை பரபரத்தது. மதியம் அவர்கள் கூடுவார்கள் என்று தெரியும். நான்கு நாள் ஆத்திரம் மொத்தமும் அந்தப் பழத்தில் இருந்தது. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"கும்பல்ல காட்டாத. அவுரு வீம்பு புடிச்ச மனுசன். கும்பல்ல காட்டுனா செத்தாலும் எடுக்க மாட்டாரு. தனியா போயி காட்டு."

கேட்டேன். என் வாழ்க்கையில் கோபம் வந்த நேரத்தில் அடுத்தவர் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான் என்று என் கணவர் இன்றும் சொல்வார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய்த் தலைவருக்கு எதிரே உட்கார்ந்தேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். பதினோரு மணிக்கு மட்டும் வந்து எண்ணியதை, அது ஜீப்புக்காக என்பதை, அங்காடியை இடிக்கச் சொல்லி எழுதிவிட்டு முற்றத்தைக்கூடப் பார்க்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையைத் திறந்து பழத்தை மேசைமேல் வைத்தேன்.

"இன்னா மேடம் இது?"

"உங்க வண்டிச் சக்கரத்துல இருந்துச்சு. இன்னும் நசுங்கல."

அவர் பழத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார். முகம் இறுகியது. போச்சு, காரியம் கெட்டது என்றே நினைத்தேன். திடீரென்று வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எங்க அப்பா ஓட்டுன வண்டி மேடம். கஸ்டமருக்கு எடம் வேணும்னு நான்தான் கொண்டாந்து வுட்டேன். என்னப் பாத்து எதிர்க்கடக்காரன் வுட்டான், அவனப் பாத்து அடுத்தவன் வுட்டான். அப்போ நான் தொடங்கி வச்ச பேஜாருதானா இது?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மீனுக்கார பொம்பளைங்க எடமும் அதுக்குத்தான் போவப் போவுதா?"

"வெள்ளிக்கிழமை தீர்மானம்."

போனைக் கையில் எடுத்தார். அவருக்குக் குரல் வளம் உண்டு என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அது எனக்காகப் பேசியது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைவர் தன் அப்பாவின் ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருந்த தன் இரும்புக் கிடங்கை நோக்கி முன்னால் போனார். பின்னால் துணிக்கடை முதலாளி, பாத்திரக்கடை முதலாளி, மருந்துக்கடைக்காரர் என்று ஆளுக்கொரு கூட்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டயர் இல்லாத ஒன்றை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருந்தது, மேளம் மட்டும்தான் குறை. கடை ஊழியர்களின் வண்டிகள் அங்காடி முற்றத்துக்குப் போயின. அவை நின்ற இடத்தையெல்லாம் அந்தப் பெண்மணி பெருக்கிக்கொண்டு வந்தார்.

பத்தேமுக்காலுக்கு ஒரு லாரி தெருவுக்குள் மூக்கை நீட்டியது. இரும்புக்கடைக்கு வந்த கம்பி லோடு. இறக்க ஆரம்பித்தால் பாதித் தெரு ஒரு மணி நேரத்துக்கு அடைத்துக்கொள்ளும். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கு எதிரே ஓடினார். "யோவ் அண்ணாத்த, ரிவர்ஸ் எடு! சாயங்காலம் வா!"

"இறக்குற ஆளுங்க வந்துகினுகீறாங்க சார்!"

"நாஸ்தா துண்ணுட்டு ஒக்காரச் சொல்லு. இப்ப ரிவர்ஸ் எடு!"

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. எங்கள் டிரைவர் வழக்கப்படி நடுத்தெருவில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், கமிஷனர் இறங்குவதற்காகக் காத்திருந்தார். அந்தத் தெருவில் ஜீப்பை ஓரம் கட்டலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் கமிஷனர்.

"எங்க சார்?"

கமிஷனர் கையை நீட்டிக் காட்டினார். துணிக்கடை வாசலில் ஒரு காலி இடம், மருந்துக்கடை வாசலில் ஒன்று, அதைத் தாண்டி இன்னும் மூன்று. கடைக்கு வந்தவர்களின் வண்டிகள் நின்றுகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. டிரைவர் எதில் நிறுத்துவது என்று தெரியாமல் விழித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எந்தப் பதவி உயர்வும் தந்ததில்லை. அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கமிஷனர் பார்க்காத மாதிரி அங்காடிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

மறுநாள் மன்றக் கூட்டத்தில் அந்தப் பொருள் எண் வந்ததும் என்னை எழுந்து படிக்கச் சொன்னார்கள். புது அறிக்கையின் முதல் வரி இதுதான்: 'இந்தப் பொருள் குறித்து நான் முன்பு அளித்த அறிக்கை தவறானது.' இப்படி ஒரு வரியை எழுத நேர்ந்தால் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள், நாலாவது பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள். பிறகு தீர்மானத்தைக் கைவிட்டார்கள், முற்றத்தை நிரந்தரமாக வாகன நிறுத்துமிடமாகத் திறந்துவைக்கவும் ஒப்புக்கொண்டார்கள். மெமோ வந்தது. நான்கு வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அதோடு அது முடிந்தது.

வெளியே வந்தேன். அலுவலக வாசலில் மீன்காரப் பெண்கள் எல்லோரும் கூடைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அஞ்சலையின் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"இடிக்கல" என்றேன்.

கைதட்டுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலை ஒரு நீண்ட மூச்சு விட்டார். கூடையைத் தலைக்கு ஏற்றினார்.

"அப்போ நான் கெளம்பறேன் மேடம். ஐஸு கரைஞ்சுகினுகீது, வஞ்சரம் கெட்டுப் போயிரும்."

சொல்லிவிட்டு, மற்றவர்களையும் அதட்டிக்கொண்டு, அங்காடியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.